மலைமேல் ஊரும் வீட்டு விளக்கும்

(வானொலி மறையுரை: மத்தேயு 5:14-16)



மலைப்பொழிவில் ஆண்டவர் இயேசு இரண்டு உருவகங்களை அடுத்தடுத்துத் தருகிறார். முதலாவது, மலைமேல் அமைந்த நகர். அதை யாராலும் மறைக்க முடியாது என்கிறார். உடனே வீட்டுக்குள் வந்துவிடுகிறார். அங்கே ஏற்றிவைக்கும் சிறிய விளக்கைப் பற்றிப் பேசுகிறார். நம்மில் பலருக்கு முதல் உருவகம் பிடித்திருக்கிறது. நம் ஆலயத்தின் கோபுரம் உயரமாக, நாலு ஊருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். இரண்டாவது உருவகத்தை அவ்வளவாக நினைப்பதில்லை. மலைமேல் இருக்கும் ஊர் இரவில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அதன் வீடுகளில் விளக்கு எரிய வேண்டும் அல்லவா?

இந்த இரண்டையும் சேர்த்துச் சிந்திக்க, இங்கிலாந்து நாட்டின் ஒரு சிற்றூரின் கதை நமக்கு இன்று உதவும்.

அதன் பெயர் விட்பி. இங்கிலாந்தின் வடகிழக்கே, யார்க்‌ஷயர் கடற்கரையில், எஸ்க் என்ற சிறு ஆறு வட கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 13,000. ஆற்றின் இரு கரையிலும் சிவப்பு ஓட்டு வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கிழக்குக் கரையிலிருந்து 199 படிகள் ஏறினால், கடலைப் பார்த்த செங்குத்தான பாறை மேட்டில் தூய மரியா ஆலயமும், அதற்கு அப்பால் கூரையில்லாத ஒரு பெரிய துறவு மடத்தின் இடிபாடுகளும் நிற்கின்றன. முற்காலத்தில் இறந்தவர்களைத் தோளில் சுமந்து இந்தப் படிகளில்தான் ஏறினார்கள். பெட்டியை இறக்கிவைத்து மூச்சு வாங்குவதற்கு நடுநடுவே மேடைகள் கட்டியிருக்கிறார்கள். அவை இன்றும் உள்ளன.

மலைமேல் நகர் என்று சொன்னால், கண்ணுக்கு முன்னால் நிற்பதுபோல இருக்கிறது இந்த ஊர்.

ஓர் அன்னையின் இல்லம்

657ஆம் ஆண்டு அந்த மேட்டில் துறவு மடத்தைத் தொடங்கியவர் புனித ஹில்டா. நார்தம்பிரிய அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 627ஆம் ஆண்டு, தமது 13ஆம் வயதில், எட்வின் மன்னரோடு சேர்ந்து திருமுழுக்குப் பெற்றார். வாழ்நாளின் முதல் 33 ஆண்டுகளை உலக வாழ்விலும், அடுத்த 33 ஆண்டுகளைத் துறவு வாழ்விலும் கழித்தார். அவர் தொடங்கிய மடத்தில் ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் தனித்தனி இல்லங்களில் வாழ்ந்தார்கள். இருபாலாருக்கும் தலைவி அவரே. யாருக்கும் தனிச் சொத்து கிடையாது. பணக்காரர், ஏழை என்ற வேற்றுமையும் அங்கே கிடையாது. அரசர்களும் ஆலோசனை கேட்டு வந்தார்கள், சாதாரண மக்களும் வந்தார்கள். அவரை அறிந்த எல்லாரும் 'அம்மா' என்றே அழைத்தார்கள் என்று, 731ஆம் ஆண்டு ஆங்கிலேயத் திருஅவையின் வரலாற்றை எழுதி முடித்த புனித பீடு குறிப்பிடுகிறார். அந்த மடத்தில் படித்தவர்களில் 5 பேர் ஆயர்களானார்கள்.

664ஆம் ஆண்டு அந்த மடத்தில் ஒரு மாமன்றம் கூடியது. வரலாற்று நூல்கள் அதை விட்பி மாமன்றம் என்கின்றன. உயிர்ப்புப் பெருவிழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்பதே கேள்வி. அயர்லாந்துத் துறவிகள் வழியாக வந்த கணக்கு ஒன்று. உரோமையிலிருந்து வந்த கணக்கு வேறொன்று. ஓஸ்வியு மன்னர் அயர்லாந்து முறையில் வளர்ந்தவர். அவருடைய அரசி ஏன்ஃபிளாடு உரோமை முறையைப் பின்பற்றியவர். ஆகவே ஒரே அரண்மனையில் மன்னர் உயிர்ப்பு விழா விருந்தில் அமர்ந்திருக்க, அரசியோ குருத்து ஞாயிறு அனுசரித்து நோன்பிலேயே இருந்த காலமும் உண்டு.

அயர்லாந்து மரபுக்காக ஆயர் கோல்மன் பேசினார். உரோமை மரபுக்காக வில்பிரிடு பேசினார். ஆண்டவர் விண்ணகத்தின் திறவுகோல்களைப் பேதுருவிடம் ஒப்படைத்தார் என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. அப்படியானால் வாசலில் நிற்பவரை நான் பகைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி, மன்னர் உரோமையின் பக்கம் தீர்ப்பளித்தார். கோல்மன் மனம் வருந்தி, தம்மைப் பின்பற்றியவர்களோடு அந்த நாட்டைவிட்டே போய்விட்டார்.

இதில் நாம் பொதுவாகக் கவனிக்காத ஒன்று உண்டு. ஹில்டாவும் அந்த மன்றத்தில் கோல்மனின் பக்கமே இருந்தார். அவருடைய சொந்த இல்லத்தில் கூடிய மன்றத்தில், அவருடைய தரப்பு தோற்றது. ஆனாலும் அவர் வெளியேறவில்லை. 680ஆம் ஆண்டு நவம்பர் 17 அன்று இறக்கும்வரை, மேலும் 16 ஆண்டுகள், அதே மடத்தை நடத்தினார். கடைசி 6 ஆண்டுகள் கடும் காய்ச்சலில் துன்புற்றபோதும் கற்பிப்பதை நிறுத்தவில்லை. நம் சொல் எடுபடாத சபையில் தொடர்ந்து பணியாற்றுவது எவ்வளவு கடினம் என்பது பங்குப் பேரவையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பங்குத்தந்தையராகிய எங்களுக்கும் தெரியும்.

மாட்டுக்கொட்டிலில் கிடைத்த பாடல்

அந்த மடத்தின் கால்நடைகளைப் பார்த்துக்கொண்டவர் கேட்மன். வயதானவர். அந்தக் காலத்தில் விருந்து முடிந்ததும் யாழ் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். கையில் வாங்கியவர் பாட வேண்டும். கேட்மனுக்குப் பாட வராது. யாழ் தம்மை நெருங்குவதைக் கண்டதும், எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்படி ஓர் இரவு அவர் மாட்டுக்கொட்டிலில் போய்ப் படுத்திருந்தபோது, கனவில் ஒருவர் தோன்றி அவரைப் பாடச் சொன்னார். எனக்குப் பாட வராது, அதனால்தான் இங்கே வந்து படுத்திருக்கிறேன் என்றார் கேட்மன். ஆனாலும் நீ பாட வேண்டும், படைப்பைப் பற்றிப் பாடு என்று பதில் வந்தது. கேட்மன் பாடினார். விழித்த பிறகும் பாடல் நினைவில் இருந்தது.

மறுநாள் காலை அவர் தம் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் சிரித்து அனுப்பிவிடவில்லை. ஹில்டாவிடம் அழைத்துச் சென்றார். ஹில்டாவும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கற்றறிந்தவர்களை வரவழைத்துக் கேட்கச் செய்தார். இது கடவுளின் கொடை என்று தெரிந்ததும், கேட்மனைத் துறவியாகச் சேர்த்துக்கொண்டு, விவிலிய வரலாற்றைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். கேட்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாடு அசைபோடுவதுபோல, கேட்டதையெல்லாம் மனதில் அசைபோட்டுப் பாடலாக்கினார் என்கிறார் பீடு. அவர் பாடியவற்றில் இன்று நமக்குக் கிடைத்திருப்பது 9 வரிகள் மட்டுமே. ஆங்கில மொழியில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பாடல்களில் ஒன்று அது.

ஒரு மொழியின் கவிதை வரலாறு மாட்டுக்கொட்டிலிலிருந்து தொடங்குகிறது. பெத்லகேமை அறிந்த நமக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது. ஆனால் அன்று அந்த மேலாளர் நேரமில்லை என்று சொல்லியிருந்தால், அந்தப் பாடல் கொட்டிலோடு போயிருக்கும். நம் பங்கில் யாழ் தம்மிடம் வருமுன் எழுந்து போய்விடுகிறவர்கள் யார்? அவர்கள் எழுந்து போவதை நாம் கவனித்திருக்கிறோமா?

கல் விழுந்தது, விளக்கு அணையவில்லை

அந்த முதல் மடம் 9ஆம் நூற்றாண்டில் டேனியர் படையெடுப்பில் அழிந்தது. விட்பி என்ற பெயரே அப்படி வந்து குடியேறியவர்கள் வைத்ததுதான். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின், நார்மானியப் படைவீரராக வந்த ரெயின்பிரிடு என்பவர் இடிபாடுகளைக் கண்டு மனம் கலங்கி, துறவியாகி, அங்கே மீண்டும் மடத்தை எழுப்பினார். நாம் இன்று காணும் உயர்ந்த கல்சுவர்கள் அந்த இரண்டாம் மடத்துக்குப் பின்னாளில் கட்டப்பட்டவை. 1539ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் அதுவும் மூடப்பட்டது. மடத்தின் நிலம் கைமாறியது. கூரை போனது. எஞ்சியதைக் காற்றும் மழையும் பார்த்துக்கொண்டன.

மலைமேல் இருந்த நகர் இருண்டுவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது?

விட்பிக்குப் பின்னால் பரந்த புதர்க்காட்டு மேடுகள் இருக்கின்றன. அங்கே சிதறிக் கிடந்த பண்ணை வீடுகளில் கத்தோலிக்க விசுவாசம் மறைவாக வாழ்ந்தது. அவர்களைத் தேடி நடந்த அருள்பணியாளர்களில் ஒருவர் அருளாளர் நிக்கோலஸ் போஸ்ட்கேட். பிரான்சிலுள்ள டூவே குருத்துவக் கல்லூரியில் படித்து, 1628ஆம் ஆண்டு குருவானவர். 1630ஆம் ஆண்டு இங்கிலாந்து திரும்பினார். முதுமையில் விட்பிக்கு அருகே அக்தோர்ப் என்ற சிற்றூரில் ஓலை வேய்ந்த சிறு குடிலில் தங்கி, பனியிலும் மழையிலும் கால்நடையாகவே வீடு வீடாகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார். அவருக்கு ஆலயமும் இல்லை, மணியும் இல்லை.

1678ஆம் ஆண்டு, மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர் சதி செய்கிறார்கள் என்று டைட்டஸ் ஓட்ஸ் என்பவர் கட்டிய பொய் நாடெங்கும் பரவியது. அந்தப் பதற்றத்தில், விட்பிக்கு அருகே ஒரு வீட்டில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கச் சென்ற இடத்தில் போஸ்ட்கேட் பிடிபட்டார். அப்போது அவருக்கு வயது 80ஐ நெருங்கியோ கடந்தோ இருந்தது. சதியில் அவருக்குப் பங்கு இருந்ததாக யாராலும் காட்ட முடியவில்லை. குருவாக இருந்ததே குற்றம் என்று தீர்ப்பாகி, 1679 ஆகஸ்ட் 7 அன்று யார்க் நகரில் கொடிய முறையில் கொல்லப்பட்டார். 1987ஆம் ஆண்டு திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். அந்தக் குடிலைச் சுற்றி அவர் நட்டதாகச் சொல்லப்படும் மஞ்சள் மலர்கள் தவக்காலத்தில் பூக்கின்றன.

பாறை மேட்டில் மாபெரும் மடம் இடிந்து கிடந்த அதே காலத்தில், சில மைல் தொலைவில், ஒரு பண்ணை வீட்டின் அறையில், ஒரு குழந்தைக்காக, வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திருஅவை அன்று அங்கேதான் இருந்தது.

கடல் கேட்ட கேள்வி

பின்னாளில் விட்பி கடலை நம்பி வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே நிலக்கரிக் கப்பல்கள் கட்டினார்கள். 1746ஆம் ஆண்டு ஜேம்ஸ் குக் என்ற இளைஞர், அந்த ஊர்க் கப்பல் முதலாளி ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பின்னர் அவர் பசிபிக் கடலை அளந்த எண்டெவர் கப்பலும் விட்பியில் கட்டப்பட்டதுதான். திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல்கள் பல, திரும்பாதவையும் உண்டு. பாறைகளில் கிடைக்கும் ஜெட் என்ற கரிய பொருளை அணிகலனாகக் கடைந்து விற்றார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரம்தான் அப்படி இறுகியிருக்கிறது. 1861ஆம் ஆண்டு கணவரை இழந்த விக்டோரியா அரசி துக்கத்துக்கு அதை அணிந்ததால், அந்த வணிகம் செழித்தது. துக்க மோகம் குறைந்ததும் அதுவும் சரிந்தது.

அதே 1861ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று பெரும் புயல் வீசியது. கரையோரமாகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. விட்பியின் உயிர்காப்புப் படகு ஒரே நாளில் 5 முறை சென்று மாலுமிகளை மீட்டது. படகோட்டிகள் களைத்திருந்தார்கள். ஆறாவது கப்பல் தத்தளிப்பதைக் கண்டு மீண்டும் போனார்கள். ஊரார் கண்ணெதிரே, கரைக்கு அருகிலேயே, படகு கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃபிரீமன் ஒருவர்தான். தக்கையால் செய்த புதுவகை மிதவைச் சட்டையை அவர் மட்டுமே அணிந்திருந்தார்.

இதைப் பார்த்த எந்த மனிதரும் இனிப் படகில் கால் வைப்பாரா? ஃபிரீமன் வைத்தார். பின்னாளில் அந்தப் படகுக் குழுவுக்கே தலைவரானார்.

20 ஆண்டுகள் கழித்து, 1881 ஜனவரியில், விசிட்டர் என்ற கப்பல் ராபின் ஹூட் விரிகுடாவில் புயலில் சிக்கியது. விட்பியிலிருந்து கடல் வழியாகப் படகைக் கொண்டுபோக முடியாத நிலை. எனவே தரை வழியாகக் கொண்டுபோகத் தீர்மானித்தார்கள். 6 மைல் தூரம். பாதையில் ஆள் உயரத்துக்கும் மேலே பனி குவிந்திருந்தது. 18 குதிரைகளைப் பூட்டினார்கள். 200 பேர் முன்னால் சென்று பனியை வெட்டி வழி செய்தார்கள். அந்தப் பக்கத்துக் கிராமத்தாரும் எதிரிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார்கள். 2 மணி நேரத்தில் படகு கடலில் இறங்கியது. முதல் முயற்சியில் துடுப்புகள் ஒடிந்தன. ஃபிரீமன் தலைமையில் மறுபடி முயன்று, கப்பலில் இருந்த 6 பேரையும் மீட்டார்கள்.

படகில் போனவர்கள் சிலரே. மண்வெட்டி பிடித்தவர்கள் இருநூறு பேர். அந்த இருநூறு பேரின் பெயர்கள் எந்தச் சிலையிலும் இல்லை. ஆறு உயிர்களுக்காக ஓர் ஊரே எழுந்து வந்தது என்பதே அந்த நாளின் செய்தி.

இன்று எரியாத விளக்குகள்

விட்பிக்கு இன்று வேறொரு சோதனை வந்திருக்கிறது. அது புயல்போல் வரவில்லை, பணமாக வந்திருக்கிறது.

அழகான ஊர் என்பதால் சுற்றுலாப் பயணிகள் திரளாக வருகிறார்கள். இடிந்த மடத்தையும், புகையில் உலர்த்திய ஹெர்ரிங் மீனையும், 1897ஆம் ஆண்டு வெளிவந்த டிராகுலா கதையில் வரும் இடங்களையும் தேடி வருகிறார்கள். ஊருக்கு அதனால் வருமானம் உண்டு. ஆனால் வெளியூர்க்காரர்கள் பலர் அங்கே விடுமுறைக்காக வீடு வாங்குகிறார்கள். ஆண்டில் சில வாரங்கள் தங்குவார்கள், அல்லது வாடகைக்கு விடுவார்கள். விலை ஏறிவிட்டதால், அந்த ஊரிலேயே பிறந்து வேலை செய்யும் இளம் குடும்பங்களால் வீடு வாங்க முடியவில்லை. குளிர்காலத்தில் சில தெருக்களில் வரிசையாக வீடுகள் இருண்டு கிடக்கின்றன.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், இதுபற்றி ஊரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். இனிமேல் கட்டப்படும் வீடுகள் அங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே விற்கப்பட வேண்டும் என்பதற்கு ஆதரவாக 2,228 பேரும், எதிராக 157 பேரும் வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்பு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் மக்களின் மனம் அதில் தெரிந்தது.

இது வீட்டு விலையைப் பற்றிய விவகாரம்தானே, மறையுரைக்கு இதில் என்ன வேலை என்று நாம் கேட்கலாம். உயிர்காப்புப் படகில் போகிறவர்கள் இன்றும் பெரும்பாலும் தன்னார்வத் தொண்டர்களே. நடுஇரவில் அழைப்பு வந்தால், சில நிமிடங்களில் துறைமுகத்துக்கு ஓடி வர வேண்டும். அதற்கு அவர்கள் அருகிலேயே குடியிருக்க வேண்டும். துறைமுகத்தைச் சுற்றிய வீடுகளில் ஆள் இல்லை என்றால், அந்த இரவில் யார் ஓடி வருவார்கள்? பனியை வெட்ட அந்த இருநூறு பேர் எங்கிருந்து வருவார்கள்? அன்பு செய்வதற்கு முதலில் அருகில் இருக்க வேண்டும். ஆண்டவர் நல்ல சமாரியர் கதையைச் சொல்லிவிட்டு, அடிபட்டவருக்கு அடுத்திருப்பவர் யார் என்றுதான் கேட்டார்.

அன்பார்ந்தவர்களே, வீடு மந்திரிக்கச் செல்லும்போது பூட்டிய கதவுகளின் முன் நாம் நிற்பதுண்டு. சில வீடுகளில் பிள்ளைகள் தொலைதூரத்தில் இருக்கிறார்கள், பெற்றோர் இறந்துவிட்டார்கள். அவர்களை நாம் குறை சொல்ல முடியாது. பிழைப்பு அழைத்துச் சென்றது. ஆனால் பூட்டாத வீட்டிலும் விளக்கு அணைந்திருக்கலாம். பக்கத்து வீட்டு முதியவர் மூன்று நாளாக வெளியே வரவில்லை என்பது நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊரில் இருந்துகொண்டே ஊருக்கு இல்லாதவர்களாக நாம் வாழக்கூடும். இதை உங்களிடம் சொல்லும்போது எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப நாங்கள் அலைந்த நாட்களோடு ஒப்பிட்டால், நோயுற்றோரின் கட்டிலருகே அமர்ந்த நாட்கள் குறைவு.

பாறை மேட்டில் எழுந்த மடம் இரண்டு முறை வீழ்ந்தது. திமிங்கிலக் கப்பல்கள் போயின, ஜெட் வணிகம் சுருங்கியது. ஹில்டா அன்னை ஒரு மாட்டுக்காரருக்குச் செவிகொடுத்ததை, வயதான குரு ஒரு குழந்தைக்காக நடந்ததை, ஆறு பேருக்காக இருநூறு பேர் பனியை வெட்டியதை நாம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். மலைமேல் நகரைப் பற்றிச் சொன்ன ஆண்டவர், ஏன் உடனே வீட்டு விளக்கைப் பற்றிப் பேசினார் என்பது இப்போது நமக்குப் புரிகிறது.

இந்த வாரம் ஒன்று செய்வோம். நம் தெருவில் நாம் இதுவரை நுழையாத ஒரு வீட்டின் கதவைத் தட்டுவோம். உதவி கேட்டு அல்ல, நன்கொடை கேட்டும் அல்ல. நலமா என்று கேட்க மட்டும்.

ஆண்டவரே, எங்கள் ஆலயத்தின் உயரத்தை நினைத்து நாங்கள் மகிழ்ந்துபோகாமல், எங்கள் வீடுகளின் விளக்கைக் காத்துக்கொள்ள அருள்தாரும். கூச்சத்தால் எழுந்து போகிறவர்களைத் தேடிச் செல்லும் மனதைத் தாரும். இரவில் அழைப்பு வரும்போது, ஓடி வரும் தூரத்தில் எங்களை வைத்தருளும். ஆமென்.